டிரம்மில் ஆர்கானிக் என்றுதான் போட்டிருந்தது

படிக்காதவன் ஒரு காரியத்தில் இறங்குவதற்கு முன் நாலு பேரிடம் கேட்பான். படித்தவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பான். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன் இருக்கிறானே, அவன் எழுத்துக்கூட்டி ஒரே ஒரு சொல்லைப் படித்துவிடுவான். அதற்குப் பிறகு அவனைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். என் கையால் மூன்று மா சம்பாப் பயிர் இரண்டே நாளில் கருகியது. (மூன்று மா என்றால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரிக்கவில்லையென்றால் பந்தியில் பாயசம் வராது.

எனக்கு ஓர் ஊரில் கால் நிற்காது. திருப்பூரில் பனியன் கம்பெனி, ஆந்திராவில் போர்வெல் லாரி, கத்தாரில் கட்டட வேலை, திரும்பி வந்து கோயம்பேட்டில் மூட்டை. எந்த ஊரிலும் மூன்றாவது பொங்கலைப் பார்த்ததில்லை. முப்பத்து நாலாவது வயதில் ஒரு பையும் ஒரு முதுகுவலியுமாகக் கூத்தாநல்லூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கென்று வீடு இல்லை. செல்வி அக்கா வீட்டில் போய் இறங்கினேன். அக்கா என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கை கால் கழுவிட்டு வா, சோறு இருக்கு" என்றாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்கவில்லை. அவளுக்கும் அப்போது வீட்டில் ஆள் இல்லை. மாமா மஞ்சள் காமாலையில் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது.

அந்த வருடம்தான் அக்கா குத்தகைக்கு நிலம் கேட்டுப் போனாள். எங்கள் குடும்பத்தில் எத்தனையோ தலைமுறை நாற்றுப் பறித்திருக்கிறது, நட்டிருக்கிறது, களை எடுத்திருக்கிறது, அறுத்திருக்கிறது. எல்லாம் அடுத்தவர் வயலில். ஒரு வயலைக் காட்டி 'இது நம்ம பயிர்' என்று சொல்ல ஒருத்தரும் பிறக்கவில்லை. அக்கா சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டாள்.

நிலத்துக்காரர் மேலத்தெரு கலியபெருமாள். எழுபது வயது. மகன் சிங்கப்பூரில் இருந்தான். நானும் அக்காவுடன் போயிருந்தேன். அவர் என்னைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

"பொம்பளப் புள்ள, தனியா என்னத்தப் பாப்ப? வாய்க்கால்ல தண்ணி வுடச் சண்டைக்கு நிப்பியா?"

"நிப்பேங்கய்யா."

"ஒரு போகம் தர்றேன். வெளஞ்சா நீயே வச்சுக்க. வெளயலன்னா மறுபேச்சு பேசாம வரப்ப வுட்டு எறங்கிடணும்."

"சரிங்கய்யா."

பத்திரம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. அந்த ஒரு 'சரிங்கய்யா'வில் மூன்று மா நிலம் அக்கா கைக்கு வந்தது. ஒரு போகம். அவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்திருந்த அவகாசம்.

எனக்கும் அந்தச் சமயத்தில் ஒரு வேலை கிடைத்தது. எங்கள் பக்கம் வயலுக்கு அடியில் எரிவாயு எடுக்கிறார்கள். கிணற்றிலிருந்து குழாய் வழியாக ஒரு நிலையத்துக்குப் போகும். குழாய் போகிற வழியெல்லாம் வரப்போரம் மஞ்சள் கல் நட்டிருப்பார்கள். அந்த நிலையத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான் உதவியாள். டிரம்மிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு திரவத்தைக் கைப்பம்பு போட்டு ஒரு தொட்டியில் ஏற்ற வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு சின்ன மோட்டார் அதைச் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள் செலுத்தும். அது ஓடுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அந்தத் திரவத்துக்கு நீளமாக ஏதோ பெயர் இருந்தது. நாங்கள் மருந்து என்போம்.

ஊரில் நடவு நடும் பெண்கள் கேட்டார்கள், "சேகரு, கம்பெனில என்னப்பா வேல?"

"கொழாய்க்கு மருந்து குடுக்குறேன்."

"ஏன், கொழாய்க்குக் காய்ச்சலா?"

நானும் அந்தக் கேள்வியைத்தான் பர்வீன் மேடத்திடம் கேட்டேன். பர்வீன் மேடம் நிலையத்தின் வேதியியல் ஆள். கூத்தாநல்லூர்ப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஸ்கூட்டியில் வருவார். என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன்.

"சோடா குடிப்பீங்கல்லண்ணே? அதுல இருக்கிற கேஸ்தான் பூமிக்குள்ளேருந்தும் வருது. கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணியில கரைஞ்சா லேசா அமிலமாயிடும். கொழாய உள்ளேருந்தே தின்னுரும்" என்றார். ஒரு டப்பாவைத் திறந்து இரண்டு இரும்புத் தகடுகளைக் காட்டினார். இரண்டும் விரல் நீளம். குழாய்க்குள் சில மாதம் தொங்கவிட்டு எடுத்து எடை பார்ப்பார்களாம். ஒன்று மருந்து ஓடியபோது இருந்தது. பளபளவென்று வெளியே வந்திருந்தது. இன்னொன்று மோட்டார் பழுதாகி மருந்து நின்றிருந்தபோது கிடந்தது. கறையான் அரித்த கதவுச் சட்டம் போல அதில் குழி குழியாக இருந்தது.

"இந்த மருந்தோட தலை இரும்பப் புடிச்சுக்கும். வாலு எண்ணெய் மாதிரி. தண்ணிய கிட்ட வுடாது."

"மழைக்கு நடவாளுங்க சாக்கக் கொங்காணியா மடிச்சுத் தலையில போட்டுக்குவாங்களே, அதுமாதிரியா மேடம்?"

"அதேதாண்ணே!" என்றார்.

ஒரு வேதியியல் பட்டதாரி என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு 'அதேதான்' என்றுவிட்டார். என் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய ஆபத்து அதுதான். அன்றிலிருந்து எனக்குப் பாதி வேதியியல் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. வயலில் ஐந்து நாள் தண்ணீர் வடியவில்லை. வடிந்தபோது பயிர் வெளுத்து மஞ்சளாக நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் சூல் பிடிக்க வேண்டிய பயிர்.

அக்கா ஏதோ ஒரு முகாமுக்குப் போய் இயற்கை விவசாயம் படித்துவிட்டு வந்திருந்தாள். கடை மருந்து தொடமாட்டாள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஒரு பானையில் போட்டு, மூன்று வாரம் மூடி வைத்தால் மீன் அமிலம் என்று ஒன்று வரும். தேன் நிறம், நாற்றம் ஊரைத் தூக்கும். அதைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் வெளுத்த பயிர் பச்சை கட்டும். நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீன் அமினோ என்றும் சொல்வார்கள். அக்காவும் ஒரு பானை போட்டு வைத்திருந்தாள். அந்த மழையில் ஒதுங்க வந்த தெருநாய்கள் பானையை உருட்டி, உடைத்து, நக்கிவிட்டுப் போயிருந்தன.

"இன்னொரு பானை போட்டு, மூணு வாரம் காத்துக் கெடந்தா, பயிரு எனக்காகக் காத்துக் கெடக்குமா?" என்று உடைந்த ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. பானையிடம் கேட்டாள்.

மறுநாள் நான் வேலையில் டிரம்மின் மூடியைத் திறந்தேன். குப்பென்று மீன் வாடை. தினமும் வருகிற வாடைதான். அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. நாகப்பட்டினம் மீன் ஏலக்கூடமே டிரம்முக்குள் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தேன் நிறம்! டிரம்மில் ஒட்டியிருந்த தாளை முதல்முறையாக எழுத்துக்கூட்டினேன். முதல் சொல் ஆர்கானிக். இரண்டாவது சொல் டிரம்மைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனதால் அதை விட்டுவிட்டேன். கீழே இன்னொரு சொல்: அமின். அமினோவில் ஓர் எழுத்தை மழை அழித்திருக்க வேண்டும்!

போதாததற்குப் படம் வேறு போட்டிருந்தார்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு மீன், பக்கத்தில் ஒரு மரம். மீனில் செய்தது, மரஞ்செடிக்குப் போடுவது. படிக்காதவனுக்கும் புரியட்டும் என்று எவ்வளவு அக்கறை! (மீன் மல்லாந்து கிடந்ததையும் மரத்தில் இலை இல்லாததையும் நான் ஓவியரின் குறை என்று நினைத்தேன்.) அடுத்த கட்டத்தில் ஒரு கை, அதன் மேல் ஏதோ சொட்டியது. கையில் பட்டாலும் பரவாயில்லை போலும்.

டிரம் காலியானாலும் அடியில் கொஞ்சம் தங்கும். நாலைந்து காலி டிரம்களைச் சாய்த்து ஒரு தண்ணீர் கேனில் வடித்தேன். கேட்டால் கொடுத்திருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அக்கா வீட்டுக்கு நான் கொண்டுபோன முதல் பொருள் அந்தக் கேன்தான்.

அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "நம்மது மாதிரிதான் நாறுது. ஆனா என்னமோ மண்ணெண்ணெ வாடையும் வருதே."

"கம்பெனில பண்றதுக்கா. மெஷின்ல அரைக்கிறப்ப வந்துருக்கும்."

"ஆர்கானிக்தானாடா?"

"எழுத்துல போட்டுருக்குக்கா. நானே படிச்சேன்."

 அக்கா படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். வீட்டில் நான்தான் அதிகம் படித்தவன். "சரி, நான் நூறு நாள் வேலைக்குப் போறேன். தென்மூலைல ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் அடிச்சு வையி. ரெண்டு நாளு பாத்துட்டு மத்ததுக்கு அடிக்கலாம்" என்றாள்.

அதுதான் விவசாயம் தெரிந்தவள் பேச்சு. ஒரு பாய் அளவு. அவள் சொன்னபடி செய்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை கிடையாது.

பேட்டரித் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு தென்மூலையில் இறங்கினேன். மீன் அமிலம் ஒரு டேங்குக்கு ஒரு டம்ளர் என்பது கணக்கு. ஒரு டம்ளர் ஊற்றியதும் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து நுரை கட்டியது. சத்துள்ள பொருள்தான் நுரைக்கும் என்று முடிவு செய்து இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றினேன். பாய் அளவு அடித்து முடித்தபோது டேங்கில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. வெயில் இதமாக இருந்தது. அக்கா சாயங்காலம் வந்து பார்க்கும்போது ஒரு பாய் தெளித்து வைத்த தம்பியாக நிற்பதா, மூன்று மாவையும் முடித்து வைத்த தம்பியாக நிற்பதா என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் கேன் காலி. கம்பெனியில் கொடுத்த கையுறை சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. இயற்கைக்கு எதற்குக் கையுறை?

சாயங்காலம் கை எரிந்தது. மிளகாய் கிள்ளிய எரிச்சல் மாதிரி. மறுநாள் காலை நுனி இலைகள் சுருண்டிருந்தன. "மருந்து ஏறுதுக்கா. ஏறுறப்ப அப்புடித்தான் இருக்கும்" என்றேன். அக்கா ஓர் இலையைக் கிள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பது போல.

இரண்டாம் நாள் காலை மூன்று மாவும் வைக்கோல் நிறத்தில் நின்றது. சுற்றிலும் மற்றவர்கள் வயல் மஞ்சளும் பச்சையுமாக உயிரோடு இருந்தது. அக்கா வயல் மட்டும் யாரோ சட்டியில் போட்டு வறுத்து எடுத்து நட்டு வைத்த மாதிரி இருந்தது. வயல் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன. டிரம்மில் படம் போட்டவர் நல்ல ஓவியர் என்று அப்போது தெரிந்தது. அச்சு அசல் அப்படியே மிதந்தன.

அக்கா வரப்பில் உட்கார்ந்தாள். புடவை சேற்றில் தோய்ந்ததை எடுத்துவிடவில்லை.

"எவ்ளோ அடிச்ச?"

"கொஞ்சம் கூடதான்."

"எவ்ளோடா?"

"கேன் பூராவும்."

அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஐயா வந்து பாப்பாரே" என்று மட்டும் சொன்னாள்.

ஐயா வருவதற்குள் மாரிமுத்து வந்துவிட்டார். எங்கள் ஊர் விவசாயச் சங்கத்துக்காரர். குரல் பெரிது. அவர் சொந்தமாகவே மைக் செட் வைத்திருந்தாலும் அது தேவைப்படாது. செத்த பயிரைப் பார்த்தார், மிதந்த மீனைப் பார்த்தார், இரண்டு வயல் தள்ளி நின்ற மஞ்சள் கல்லைப் பார்த்தார்.

"கொழாய் ஒடஞ்சிட்டு! அடிப்பாவி செல்வி, இதுக்கு அழுவாமயா ஒக்காந்துருக்க? வாடா, ரோட்ட மறிப்போம்!"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அப்படியும் இருக்குமோ? அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று எனக்கும் தோன்றியது. "விசாரிச்சுட்டு வர்றேன்க்கா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடினேன்.

பர்வீன் மேடம் தகடுகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மேடம், ஒரு சந்தேகம். நம்ம மருந்து ஆர்கானிக்தானே?"

"ஆமாண்ணே."

"அப்ப பயிருக்கு நல்லதுதானே?"

அவர் தராசிலிருந்து கண்ணை எடுத்தார். "யாரு சொன்னா? ஆர்கானிக்னா எங்க படிப்புல கார்பன்ல ஆன பொருள்னு அர்த்தம், அவ்ளோதான். பெட்ரோலும் ஆர்கானிக்தான். பூச்சி மருந்துலயும் முக்காவாசி ஆர்கானிக்தான். இது பட்டா எலை பொசுங்கிடும், மீன் செத்துரும். ஏண்ணே, யாரும் தெளிச்சுட்டாங்களா?"

"ஒரு ஃப்ரெண்டு."

"உங்க ஃப்ரெண்டுக்கு மொதல்ல கைய நல்லாக் கழுவச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுங்க. வயல் தண்ணிய வாய்க்கால்ல வடிய வுடவே கூடாது, மடைய அடைக்கச் சொல்லுங்க. யாருண்ணே அது?"

"உங்களுக்குத் தெரியாது மேடம். வெளியூரு."

திரும்பி வந்து முதலில் மடையை மண் போட்டு அடைத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம். கையில் தோல் உரிந்து மண்வெட்டிக் காம்பில் ஒட்டியது.

ரோட்டுக்கு வந்தால் மறியல் களைகட்டியிருந்தது. இரண்டு பஸ் நின்றது. செத்த பயிரைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக ரோட்டில் போட்டிருந்தார்கள். நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் எதிர்பார்க்காத ஓர் ஆளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர் கலியபெருமாள்.

"செல்வி மேல ஒரு குத்தமும் கெடையாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். "கம்பெனிக்காரன் கெடுத்ததுக்கு அவ என்ன பண்ணுவா? அடுத்த போகமும் அவளே பாக்கட்டும். நான் சொல்லிட்டேன்."

 குழாய் உடைந்திருந்தால் அக்காவுக்கு நிலம் உண்டு. தம்பி உடைத்திருந்தால் கிடையாது. இதை அறிந்தவன் அந்தக் கூட்டத்திலேயே நான் ஒருத்தன்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றால் மட்டுமே ஒரு நல்லது நடக்கவிருந்தது.

அப்போது மாரிமுத்து என் கையில் மைக்கைத் திணித்தார். "கம்பெனில வேல பாக்குற புள்ள! பாதிக்கப்பட்ட குடும்பம்! சேகரு, பேசுப்பா!"

மைக் பிடித்தது அதுவே முதல்முறை. "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். என் குரல் எனக்கே திரும்பி வந்து பயமுறுத்தியது. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் உண்மை வந்துவிட்டது. "இந்தப் பயிரு எப்படிச் செத்துச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்!"

கூட்டம் கைதட்டியது. கம்பெனி ரகசியத்தை உடைக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "சொல்லு, சொல்லு! பயப்படாத!" என்றார் மாரிமுத்து. ஒருவர் எனக்குத் துண்டு போர்த்தினார். பயிர் செத்ததற்கு மரியாதை வாங்கிக்கொண்ட கொலைகாரன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. பர்வீன் மேடம் வந்து இறங்கினார். கம்பெனியில் மற்றவர்கள் போலீஸ் வந்த பிறகு வரலாம் என்று இருந்துவிட, கசிவு பார்க்கும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஒருவராக வந்திருந்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது.

"என்னம்மா கொன்னுட்டு வேடிக்க பாக்க வந்தியா?"

"ஏந்தங்கச்சி, சம்பளம் வாங்குறல்ல, பதில் சொல்லு!"

ஒருவர் செத்த பயிர்க் கட்டு ஒன்றை அவர் காலடியில் வீசினார். சேறு அவர் முகத்தில் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை நேராக என்மேல் இருந்தது. என் கழுத்துத் துண்டைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், மைக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க ஃப்ரெண்டு இங்க இருக்காரா?"

அவ்வளவுதான் கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. எழுந்து வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கைத் தோல் வாழைச்சருகு மாதிரி தொங்கியது. காலையிலிருந்து அவளுக்குக் காட்டாமல் வைத்திருந்த கை.

"இது அடிச்சதுனாலதானா?"

நான் தலையாட்டினேன்.

"பயிரும்?"

மறுபடி தலையாட்டினேன்.

அக்கா நாற்காலியில் இருந்த ஐயாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சேற்று முகத்தோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"கொழாய் ஒண்ணும் ஒடையல. எந்தம்பி ஒம்போதாவது வரைக்கும் படிச்சிருக்கான். அதான் ஒடஞ்சி போச்சு. கொழாய்க்கு ஊத்துறத எடுத்தாந்து பயிருக்கு அடிச்சிட்டான். அந்தப் புள்ளய வுடுங்க. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

 நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "அப்ப வண்டிய எடுக்கலாமா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மைக் செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். துண்டு போர்த்தியவர் வந்து துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

கலியபெருமாள் நாற்காலியை விட்டு எழ நேரம் பிடித்தது. "சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குல்ல செல்வி?"

"இருக்குங்கய்யா."

"எனக்கும் வருத்தந்தான்."

"சரிங்கய்யா."

அன்றைக்கே வரப்பை விட்டு இறங்கிவிட்டாள். வரப்பில் ஊன்றியிருந்த பயறு பச்சையாகத்தான் இருந்தது. அதைக்கூடப் பறிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். "அந்தப் புள்ளய அழவச்சுட்டு நான் நெல்லு அறுக்கணுமாடா?"  

பர்வீன் மேடம் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். வேறு மாதிரி எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை. எனக்கு வேலை போயிற்று. வயல் தண்ணீரை லாரியில் உறிஞ்சி எடுத்துப் போனார்கள். மேல் மண்ணையும் சுரண்டி எடுத்தார்கள். எனக்குக் கை ஆற இரண்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் அக்காதான் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நிமிடம் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, பிறகு ஊட்டுவாள். திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அந்த நிலையத்தில் இப்போது ஒவ்வொரு டிரம்மிலும் தமிழில் ஒரு தாள் ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். 'இது உரம் அல்ல. பயிருக்குத் தெளிக்காதீர்.' உலகத்தில் வேறெங்கும் அந்தத் தாள் இருக்காது.

அக்கா மறுபடி நடவுக் கும்பலில் சேர்ந்தாள். இரண்டு வருடம் அடுத்தவர் வயலில் குனிந்தாள். அதே மூன்று மாவைக் கடந்துதான் போக வேண்டும். அதில் வேறொருவர் பயிர் நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை. கூட நடக்கும் பெண்கள்தான் என்னைக் கண்டால், "ஏ, கம்பெனிக்காரரு வர்றாரு, நாத்த மூடுங்கடி" என்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். நான் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போய்விடுவேன்.

மூன்றாவது வருடம் அந்த நிலத்தில் பயிர் வைத்தவர் குத்தகையை விட்டுவிட்டு மலேசியா போனார். கலியபெருமாள் ஆள் அனுப்பினார். அக்கா போய் நின்றாள். இந்த முறை நான் தெருவிலேயே நின்றுகொண்டேன்.

"நெலத்த நீயே பாரு செல்வி. அன்னிக்கு ரோட்டுல நீ நின்ன நிலைய நான் மறக்கல. பழைய குத்தகைதான். ஒண்ணே ஒண்ணு சேத்துக்க. ஒந்தம்பி வரப்ப மிதிக்கக் கூடாது."

"சரிங்கய்யா."

பக்கத்து ஊர்களில் குத்தகைக்கு விதவிதமான நிபந்தனைகள் உண்டு. எந்த ரக நெல் போட வேண்டும், வைக்கோல் யாருக்கு, வாய்க்கால் யார் வெட்ட வேண்டும் என்று. ஒரு மனிதனைச் சுட்டிக்காட்டி விலக்கிய குத்தகை எங்களுடையதுதான். அறுவடைக்கு எல்லோரும் வயலில் இருப்பார்கள். நான் தார் ரோட்டில் நிற்பேன். சோற்றுத் தூக்கை ரோட்டுக்கே கொடுத்து அனுப்புவாள். கல்யாண வீடுகளில் யாராவது நிலம் நீச்சு பற்றிப் பேச்செடுத்தால் போதும். "சேகரு காலு கீழ படலியே, பாத்துக்கங்கப்பா" என்று சித்தப்பா ஆரம்பிப்பார். பந்தி முழுக்க அதையே பேசுவார்கள்.

போன ஆடியில் கலியபெருமாள் இறந்துபோனார். நிபந்தனையும் அவரோடு போய்விடும் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. காரியம் முடிந்த வாரத்தில் மகன் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து அக்காவின் செல்லுக்குக் குரல் செய்தி அனுப்பினான்.

"அக்கா, அப்பா எப்படிச் சொல்லிருந்தாங்களோ அப்படியே நீங்களே பாருங்க. ஒண்ணும் மாத்தவேணாம். அப்பறம்... அந்தத் தம்பி விஷயம். அதுவும் அப்படியே இருக்கட்டும்க்கா."

அக்கா இரண்டு முறை கேட்டாள். குரல் செய்தி அனுப்ப அவளுக்குத் தெரியாது. செல்லை என்னிடம் நீட்டினாள். நான் பொத்தானை அமுக்கி அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"சரிங்க தம்பி" என்றாள் அக்கா. "அத அவன்ட்ட நான் சொல்லிடுறேன்."